பொன்னியின் செல்வன் தழுவல்களும் வாசகர் விவாதங்களும்

பொன்னியின் செல்வன் தழுவல்கள் என்பவை, கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் வரலாற்றுப் புதினத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட மேடை நாடகங்கள், திரைப்படங்கள், ஒலி நூல்கள், சித்திரக்கதைகள் ஆகியவற்றையும், தொடங்கிக் கைவிடப்பட்ட முயற்சிகளையும் குறிக்கும். புதினம் 1954ஆம் ஆண்டில் நிறைவுபெற்றது. எனினும் கதையின் மையத்தில் உள்ள கொலைக்குக் காரணமானவர் யார் என்பதை ஆசிரியர் திட்டமாகக் கூறவில்லை. இதனால் கதையின் முடிவு குறித்தும், தழுவல்கள் அம்முடிவைக் கையாண்ட முறை குறித்தும் வாசகர்களிடையே பல பத்தாண்டுகளாக விவாதம் நடைபெற்று வருகின்றது. இவ்விவாதங்களில் கல்வெட்டுச் செய்தி, புதினத்தின் கற்பனை, தழுவலின் மாற்றம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது உண்டு. அவற்றைப் பிரித்தறிய உதவும் செய்திகள் இக்கட்டுரையில் தொகுக்கப்பட்டுள்ளன.

புதினமும் தொடர் வடிவமும்

பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் அக்டோபர் 29, 1950 முதல் மே 16, 1954 வரை தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களும், மொத்தம் 293 அத்தியாயங்களும் கொண்டது. தொடருக்கு ஓவியர் மணியம் படங்கள் வரைந்தார்.

வாரந்தோறும் தொடராக வெளிவந்த முறை கதையின் அமைப்பைத் தீர்மானித்தது. அத்தியாயத்தின் முடிவில் ஒரு கேள்வி எழுப்பப்படும்; அதற்கான விடை அடுத்த வாரமோ, பல வாரங்கள் கழித்தோ கிடைக்கும். இடைப்பட்ட நாட்களில் வாசகர்கள் தாமே விடைகளை ஊகித்தனர். பொன்னியின் செல்வன் பற்றிய விவாத மரபு இவ்வாறு புதினம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே தோன்றிவிட்டது எனலாம்.

முடிவு பற்றிய வினாக்கள்

தொடர் நிறைவடைந்தபோது கதை திடீரென முடிந்துவிட்டதாகவும், பல மாந்தர்களின் கதி தெரியவில்லை என்றும் வாசகர்கள் குறைபட்டனர். கல்கி ஒரு முடிவுரை எழுதி, வாசகர்களின் வினாக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, மாந்தர்களுக்குப் பின்னர் நேர்ந்தவற்றைச் சுருக்கமாக விளக்கினார். நூலின் பதிப்புகளில் இம்முடிவுரையும் இடம்பெறுகின்றது. ஆயினும் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வினா திறந்தே விடப்பட்டது.

கல்கி டிசம்பர் 5, 1954 அன்று காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த அமரதாரா என்னும் புதினம் முற்றுப்பெறாமல் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளின் துணையுடன் அவருடைய மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். எனவே கல்கியின் எழுத்துகளில் இருவகை முடிவின்மைகள் காணப்படுகின்றன. அமரதாராவில் நூலே முற்றுப்பெறவில்லை. பொன்னியின் செல்வனில் நூல் முற்றுப்பெற்றது; வினா முற்றுப்பெறவில்லை.

இவ்வினா பின்வந்த எழுத்தாளர்களையும் ஈர்த்தது. பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாக விக்கிரமன் நந்திபுரத்து நாயகி என்னும் புதினத்தை எழுதினார். இராசராச சோழனின் ஆட்சிக்காலத்தைக் களமாகக் கொண்டு பாலகுமாரன் உடையார் என்னும் நெடும்புதினத்தைப் படைத்தார். காலச்சக்கரம் நரசிம்மாவின் சங்கதாரா கரிகாலன் கொலையையே கருவாகக் கொண்டது.

தழுவல்களின் வரலாறு

முன்னோடிகள்

கல்கியின் கதைகள் திரைக்குச் சென்றது பொன்னியின் செல்வனுக்கு முன்பே நிகழ்ந்தது. கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளியான தியாகபூமி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கதை ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் உருவாக்கப்பட்டது. ஓவியங்களுக்குப் பதிலாகத் திரைப்படக் காட்சிகளின் ஒளிப்படங்கள் தொடருடன் அச்சிடப்பட்டன. ஆகவே கதை மாந்தர்களை வாசகர்கள் தொடக்கம் முதலே நடிகர்களின் முகத்துடன் அறிந்தனர். கல்கியின் மறைவுக்குப் பின் 1960இல் பார்த்திபன் கனவு திரைப்படமாக வெளிவந்தது.

கைவிடப்பட்ட முயற்சிகள்

1958இல் எம். ஜி. ராமச்சந்திரன் பொன்னியின் செல்வனின் திரைப்பட உரிமையைப் பெற்று, அதனைத் தயாரித்து நடிக்கப்போவதாக அறிவித்தார். பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அவருக்காகத் திரைக்கதை எழுதினார். படம் உருவாகவில்லை. 1980களின் இறுதியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் இணைந்து மேற்கொண்ட முயற்சியும் தொடரவில்லை. மணிரத்னம் ஏறத்தாழ 2010ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கிய பணி, பெருஞ்செலவு முதலிய காரணங்களால் 2011இல் நிறுத்தப்பட்டது.

2019இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இக்கதையை எம்எக்ஸ் பிளேயர் நிறுவனத்துக்காக இணையத் தொடராகத் தயாரிக்கப்போவதாக அறிவித்தார். அத்தொடரும் வெளிவரவில்லை.

மேடை, ஒலி, சித்திரக்கதை

1999இல் சென்னை மேஜிக் லேன்டர்ன் நாடகக் குழு இப்புதினத்தை முழுநீள மேடை நாடகமாக அரங்கேற்றியது. நாடக வடிவத்தை எழுதியவர் இளங்கோ குமரவேல். ஐந்து பாகங்களையும் ஒரே மாலைப் பொழுதில் அடக்கிக் காட்டிய இந்நாடகம் 2014இல் மீண்டும் மேடையேறியது. பாம்பே கண்ணன் பல குரல் கலைஞர்களைக் கொண்டு இதனை ஒலி நூலாக வெளியிட்டார். நிலா காமிக்ஸ் நிறுவனம் சித்திரக்கதையாக வெளியிட்டது. சி. வி. கார்த்திக் நாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தமிழ் படிக்க இயலாத வாசகர்களிடம் கதையைக் கொண்டுசென்றது.

தமிழ்நாடு அரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியதும் இப்பரவலுக்கு முக்கியக் காரணமாகும். பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்புகளை வெளியிட்டன. மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளின் வழியே மின்னூல் வடிவமும் கிடைத்தது. உரிமை எவரிடமும் தனித்து இல்லாததால், எவரும் இக்கதையைத் தழுவலாம் என்ற நிலை ஏற்பட்டது.

திரைப்படம்

மணிரத்னம் இயக்கிய திரைப்படம் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தாய்லாந்தில் தொடங்கியது. முதல் பாகம் செப்டம்பர் 30, 2022 அன்றும், இரண்டாம் பாகம் ஏப்ரல் 28, 2023 அன்றும் வெளியாயின. திரைக்கதையை மணிரத்னம், ஜெயமோகன், இளங்கோ குமரவேல் ஆகியோர் எழுதினர், உரையாடல் ஜெயமோகனுடையது. ஆதித்த கரிகாலனாக விக்ரம், வந்தியத்தேவனாக கார்த்தி, அருள்மொழிவர்மனாக ஜெயம் ரவி, குந்தவையாக திரிஷா நடித்தனர். நந்தினி, மந்தாகினி ஆகிய இரு வேடங்களையும் ஐஸ்வர்யா ராய் ஏற்றார். முதல் பாகம் 70ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில் விருது பெற்றது.

விவாதத்தின் முதன்மைப் பொருள்கள்

கரிகாலன் கொலை

புதினத்தில் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறக்கின்றான். அவ்வேளையில் அங்கு நந்தினி, வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் எனப் பலரும் இருக்கின்றனர். விளக்கு அணைந்து இருள் சூழ்கின்றது. பின்னர் ஒருவருக்கு மேற்பட்டோர் கொலைப்பழியைத் தாமே ஏற்க முன்வருகின்றனர். பழி வந்தியத்தேவன் மீது விழுகின்றது. வாசகர் ஒவ்வொருவர் கூற்றையும் எடைபோட்டுத் தாமே தீர்ப்புக் கூறவேண்டிய நிலையில் விடப்படுகின்றார்.

எழுத்தில் இருளை எழுதிவிட்டு நகர்ந்துவிட இயலும். திரையிலோ காட்சியில் எதையேனும் காட்டியாக வேண்டும். திரைப்படத்தில் நந்தினியுடனான சந்திப்பின்போது கரிகாலன் தானே சாவை வரவேற்பதாகக் காட்சி அமைக்கப்பட்டது. இதனால் புலனாய்வுக் கதையாக இருந்த பகுதி காதலின் துன்பியல் முடிவாக மாறியது. புதினத்தின் மையப் புதிர் இழக்கப்பட்டது என்பது ஒரு சாரார் கருத்து. கரிகாலனின் மனநிலையைப் புதினமே தொடக்கம் முதல் அவ்வாறுதான் காட்டுகின்றது, எனவே திரைப்படத்தின் விடை பொருத்தமானதே என்பது மறு சாரார் கருத்து.

இரு மதுராந்தகர்கள்

புதினத்தில் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகன் அல்லன். பூக்கார இளைஞனாகிய சேந்தன் அமுதனே உண்மையான மகன் எனப் பின்னர் வெளிப்படுகின்றது. உத்தம சோழனாக முடிசூடுபவன் அமுதனே. திரைப்படத்தில் இவ்வாள்மாறாட்டம் நீக்கப்பட்டது. ஒரே மதுராந்தகன் இறுதியில் முடிசூடுகின்றான்.

இந்நீக்கத்தின் விளைவைப் புரிந்துகொள்ள, கல்கி ஏன் இருவரைப் படைத்தார் என்பதைக் கருதவேண்டும். கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன் ஒருவன், பற்றற்ற சிவபக்தனாகிய உத்தம சோழன் ஒருவன் எனப் பிரித்ததன் மூலம் கல்கி இரு கருத்துகளுக்கும் கதையில் இடம் அளித்தார் எனக் கொள்ளலாம். ஒரே மதுராந்தகனை வைத்துக்கொண்ட திரைப்படம், அவனுடைய மனமாற்றத்தையும் அருள்மொழியின் விட்டுக்கொடுத்தலையும் கொண்டு அதே முடிவை எட்டவேண்டியதாயிற்று.

விடுபட்ட மாந்தரும் சேர்க்கப்பட்ட போரும்

சம்புவரையரின் மகள் மணிமேகலை திரைப்படத்தில் இடம்பெறவில்லை. வந்தியத்தேவன் மீது அவள் கொண்ட காதலும், அவளுடைய துயர முடிவும் புதினத்தின் இறுதிப் பகுதிக்கு உணர்ச்சி வலு சேர்ப்பவை. மாறாக, இரண்டாம் பாகத்தின் இறுதியில் புதினத்தில் இல்லாத பெரும் போர்க்காட்சி சேர்க்கப்பட்டது. போரின்றி ஒருவர் அரியணையைத் துறப்பதே கதையின் உச்சம் என்பதைத் தியாகச் சிகரம் என்னும் பாகத் தலைப்பே உணர்த்துகின்றது என்பது இம்மாற்றத்தை ஏற்காதோரின் வாதம்.

நீளமும் ஊடகமும்

திரைப்படத்தின் இரு பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன. 293 அத்தியாயங்களை அந்நேரத்தில் பங்கிட்டால், ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே மிகுதியாகக் கிடைக்கும். இக்கதைக்குத் திரைப்படத்தைவிடத் தொலைக்காட்சித் தொடரோ இணையத் தொடரோ பொருத்தமானது என்ற வாதத்தின் அடிப்படை இதுவே. தொடர் வடிவம் வார இதழின் காத்திருப்பையும் மீட்டுத்தரும். எனினும் அரண்மனை, கடற்பயணம், படைகள் ஆகியவற்றை நூறு மணி நேர அளவுக்குப் படமாக்கும் செலவு இவ்வழியில் பெருந்தடையாக உள்ளது.

உருவமும் அடையாளமும்

மணியம் வரைந்த படங்கள் மூத்த வாசகர்களின் மனத்தில் மாந்தர்களின் உண்மையான உருவங்களாகவே பதிந்துவிட்டன. திரைப்படத்தின் ஆடை, அணி, கொண்டை ஆகியவற்றை அவர்கள் அவ்வோவியங்களுடன் ஒப்பிட்டனர். ஆனால் மணியத்தின் படங்களும் ஒரு தழுவலே. 1950களின் ஓவியர் ஒருவர் சோழர் காலத்தைக் கற்பனை செய்த முறையை அவை காட்டுகின்றன.

2022 அக்டோபரில் விவாதம் சமய அடையாளம் நோக்கியும் திரும்பியது. இராசராச சோழன் இந்து அரசனாகச் சித்திரிக்கப்படுவதை இயக்குநர் வெற்றிமாறன் விமர்சித்தார். அக்காலத்தில் இந்து மதம் என்ற பெயர் வழங்கவில்லை, சைவம், வைணவம், சமணம் என்பனவே இருந்தன எனக் கமல்ஹாசன் கூறினார். இக்கருத்துகளை மறுத்தும் பலர் பேசினர். புதினத்தில் ஆழ்வார்க்கடியானும் சைவர்களும் நிகழ்த்தும் வாதங்கள் அக்காலச் சமயப் பூசல்களை நகைச்சுவையுடன் காட்டுகின்றன.

வரலாறு, புதினம், தழுவல்

விவாதங்களில் மிகுதியாகக் குழப்பப்படும் செய்திகள் சில பின்வருமாறு:

* கொலையாளிகள்: காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தாரையும் அவர்களுடைய உறவினரையும் குறிப்பிட்டு, அவர்களின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. பிரமாதிராசன் என்னும் பட்டம் அவர்களில் சிலர் அரசு அதிகாரிகள் என்பதைக் காட்டுகின்றது. புதினம் இப்பெயர்களைப் பாண்டிய நாட்டுச் சதிகாரர்களுக்கு இட்டது.
* நந்தினி: முழுமையான கற்பனை மாந்தர். இவருக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை.
* வந்தியத்தேவன்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகின்றது. புதினத்தில் வரும் பயணங்கள் கற்பனை.
* அரியணையைத் துறத்தல்: கரிகாலன் இறந்தபின், தன் சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழன் அரசை விரும்பியதால் அருள்மொழி அதனை விரும்பவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. புதினத்தின் முடிவுக்கு இதுவே அடிப்படை. முடிசூட்டு விழாவில் நிகழும் நாடகத் திருப்பம் கற்பனை.
* உத்தம சோழன்: செம்பியன் மாதேவியின் மகன், ஏறத்தாழ 985 வரை ஆட்சி செய்தவர். ஆள்மாறாட்டம் கற்பனை.

வேலூர்ப் பகுதியும் கதையும்

பொன்னியின் செல்வன் என்றவுடன் தஞ்சையும் வீராணம் ஏரியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கதையின் பின்னணியில் உள்ள அரசியலுக்கும், இன்று தோல் பதனிடும் தொழிலால் அறியப்படும் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றுப் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சோழர் காலத்தில் இது தொண்டை மண்டலத்தின் எல்லைப் புறமாக இருந்தது.

தக்கோலம்: இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்தை அடுத்துள்ள ஊர். 949இல் இங்கு நிகழ்ந்த போரில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே கொல்லப்பட்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றான். இத்தோல்வியால் சோழர் தொண்டை மண்டலத்தை இழந்தனர். அரசுரிமை வரிசையும் குழம்பியது. கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர் என ஆட்சி கிளை மாறிச் சென்றதே பின்னர் மதுராந்தகனா, கரிகாலனா என்ற உரிமைப் போட்டிக்கு வித்திட்டது. புதினத்தின் முதன்மைச் சிக்கல் தக்கோலப் போர்க்களத்தில் தொடங்குகின்றது எனக் கூறுவது மிகையாகாது.

திருவல்லம்: வேலூர் மாவட்டம் காட்பாடி வட்டத்தில் பொன்னையாற்றின் கரையில் உள்ளது. வாணர்களின் தலைநகராகிய வாணபுரம் இப்பகுதியைச் சேர்ந்தது. இங்குள்ள வில்வநாதேசுவரர் கோயில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலமாகும். வாணர் காலக் கல்வெட்டுகளையும் கொண்டது. புதினம் வந்தியத்தேவனை அரசிழந்த வாணர் குலத்தவனாகக் காட்டுகின்றது. அவ்வகையில் கதைத் தலைவனின் பூர்வீக மண் பாலாற்றுப் பகுதியாகும். வரலாற்று வந்தியத்தேவரின் குலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

மேல்பாடி: திருவல்லத்துக்கு வடக்கே, அதே ஆற்றின் கரையில் உள்ளது. சுந்தர சோழரின் தந்தையாகிய அரிஞ்சயர் ஆற்றூரில் இறந்தமையால் ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்று அழைக்கப்படுகின்றார். அவருக்குப் பேரனாகிய இராசராசன் மேல்பாடியில் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். இக்கோயில் இன்று சோழீசுவரர் கோயில் என வழங்குகின்றது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. புதினத்தின் தலைவனே தன் பாட்டனுக்குக் கட்டிய இக்கோயிலைப் பற்றி வாசகர்களில் பலர் அறியார். கதை செல்லாத இடங்களுக்கு வாசகர்களும் செல்வதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

உலக ஒப்பீடு

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர் என்னும் கனவுருப்புனைவு வரிசை இவ்வகையில் அடிக்கடி ஒப்பிடப்படுகின்றது. அதன் முதல் நூல் 1996இலும், ஐந்தாம் நூல் 2011இலும் வெளிவந்தன. கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொலைக்காட்சித் தொடர் 2011 முதல் 2019 வரை 8 பருவங்களாக, 73 பகுதிகளாக ஒளிபரப்பானது. ஆறாம் நூல் வெளிவராத நிலையில் தொடர் நூலைக் கடந்து சென்று தன் முடிவைத் தானே அமைத்துக்கொண்டது. இறுதிப் பருவத்தை மீண்டும் எடுக்கக் கோரும் மனு ஒன்றில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. மார்ட்டினின் வாசகர்கள் தொடரின் முடிவை இன்னும் எழுதப்படாத நூலின் முடிவுடன் ஒப்பிட்டு வாதிட்டனர். எழுத்தாளர் நூலை முடித்தால் அவ்விவாதம் ஒருவாறு தீரக்கூடும். கல்கியின் வாசகர்களுக்கு அத்தகைய எதிர்பார்ப்பு இல்லை. ஆசிரியர் சொல்ல விரும்பியதைச் சொல்லி முடித்துவிட்டார். எஞ்சியிருப்பவை நூலும் கல்வெட்டுகளும் மட்டுமே. ஆதலால் புதிய தழுவல் ஒவ்வொன்றும் விடை கூறும் புதிய முயற்சியாகவே அமையும். அதுவே இறுதித் தீர்ப்பாக ஆகிவிடாது.

தழுவலை மதிப்பிடுதல்

தழுவல் மூலநூலிலிருந்து மாறுபடுவது மட்டும் குறையாகாது. கல்கியும் கல்வெட்டுச் செய்திகளிலிருந்து மாறுபட்டே புதினம் எழுதினார். மாற்றத்தின் காரணம் என்ன, அம்மாற்றம் கதையின் மற்றப் பகுதிகளுடன் இசைகின்றதா, நீக்கப்பட்டது செய்த பணியை வேறு ஏதேனும் செய்கின்றதா ஆகியவை பயனுள்ள வினாக்கள். வரலாற்றுக்கு மாறானது என ஒரு காட்சியைக் குறைகூறுமுன், அச்செய்தி கல்வெட்டில் உள்ளதா, புதினத்தில் மட்டும் உள்ளதா என்று பார்ப்பது மாணவர்களுக்கு இன்றியமையாதது. உடையார்குடிக் கல்வெட்டில் நந்தினி இல்லை என்பதை அறிவதால் புதினத்தின் சுவை குறைந்துவிடாது. சில பெயர்களையும் ஒரு நிலப் பறிமுதலையும் கொண்டு கல்கி எவ்வளவு பெரிய கதையைக் கட்டினார் என்பது அதனால் விளங்கும்.

இவற்றையும் பார்க்க

* கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி
* அமரதாரா
* ஆதித்த கரிகாலன்
* உத்தம சோழன்
* தக்கோலப் போர்
* திருவாலங்காட்டுச் செப்பேடுகள்
* திருவல்லம்
* மேல்பாடி சோழீசுவரர் கோயில்